அண்ணன் வாங்கின முதல் ஸ்பீக்கர்

ஆலைத் திடலில் இன்று ஒரு கல்தூண் நிற்கிறது. ஆணுக்கும் பெண்ணுக்கும் ஒரே கூலி வேண்டும் என்று இந்த நகரம் முதன்முதலில் கேட்ட இடமாம். தலைவர்கள் பெயரெல்லாம் இருக்கிறது. எங்கள் மைக் செட்டைப் பற்றி மூச்சுகூட இல்லை. போகட்டும், நான் சொல்கிறேன்.

மைக் செட் என் வீட்டுக்காரருடையது. அன்று கூலி கேட்டு மேடையில் பேசியவள் அவருடைய தங்கை, நூற்பாலையில் வேலை பார்ப்பவள். எனக்கும் அவளுக்கும் அப்போது ஒரு வருஷமாகப் பேச்சு கிடையாது. ஒரு கல்யாண வீட்டில் நான் யாரையோ சத்தம் போட்டுக் கூப்பிட, "எங்கண்ணன் வாங்கின முதல் ஸ்பீக்கரே எங்க அண்ணிதான்" என்றாள். வந்திருந்த சொந்தமெல்லாம் சிரித்தது. இவரும் சிரித்தார். அதைத்தான் என்னால் ஜீரணிக்க முடியவில்லை.

அதன்பிறகு ஒரே அறையில் இருந்தாலும், "அண்ணே, துண்டு எங்கன்னு கேளு" என்பாள். "கொடியில கிடக்குன்னு சொல்லுங்க" என்பேன். இவர் நடுவில் நின்று ஒரு சொல் மாறாமல் ஒப்பிப்பார். மாற்றினால் இரண்டு பக்கமும் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும்.

கூட்டம் நடந்த அன்று சாயங்காலம் திடல் கொள்ளாமல் கூட்டம் ரயில்பாதை வரை போயிருந்தது. மேடைக்குப் பக்கத்தில் ஆலைக் கேட். கேட்டுக்கு முன்னால் ஒரு கயிறு, கயிற்றுக்கு அந்தப் பக்கம் துப்பாக்கியோடு போலீஸ். யாராவது கயிற்றைத் தாண்டினால் சுடுவோம் என்று சொல்லிவிட்டார்கள். கயிற்றை ஒட்டி உட்கார்ந்திருந்ததெல்லாம் மடியில் பிள்ளையோடு வந்த ஆலைப் பெண்கள்.

நாத்தனார் பேசிக்கொண்டிருந்தாள். பஞ்சுத் தூசி அவள் தொண்டையைத் தின்று வருஷக்கணக்காகிறது. மைக் இல்லாவிட்டால் மூன்றாவது வரிசைக்குக்கூடக் கேட்காது.

மேடைக்குக் கீழே மைக் செட் வைத்திருந்த எங்கள் மேஜைக்கு இன்ஸ்பெக்டர் வந்தார். "போதும், நிறுத்து."

"தங்கச்சி இன்னும் முடிக்கல சார்," என்றார் இவர்.

"தங்கச்சியா? ரொம்ப நல்லதாப் போச்சு."

ஒரு போலீஸ்காரர் ஒயர்களைப் பிடுங்கினார். இன்னும் இரண்டு பேர் ஆம்ப்ளிஃபயரைத் தூக்கிக்கொண்டு போனார்கள். அவள் குரல் பாதி வாக்கியத்தில் நின்றுபோனது.

முன்னால் இருந்தவர்களுக்கு நடந்தது தெரியும். பின்னால் இருந்தவர்களுக்கு என்ன தெரியும்? "புடிச்சுட்டாங்க!" என்று ஒரு குரல். "அடிக்கிறாங்க!" என்று இன்னொன்று. ரயில்பாதைப் பக்கமிருந்து கூட்டம் முட்டித் தள்ள ஆரம்பித்தது. பிள்ளைக்காரிகள் எழவும் முடியாமல் உட்காரவும் முடியாமல் கயிற்றின் மேல் சரிந்தார்கள். துப்பாக்கிகள் தோளுக்கு ஏறின.

நாத்தனார் கத்திக்கொண்டிருந்தாள். வாய் அசைந்தது, அவ்வளவுதான். மேடை ஓரத்துக்கு ஓடி வந்து, "அண்ணே! அண்ணிகிட்ட சொல்லு…" என்று ஆரம்பித்தாள். இவர் அறுந்த ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு மலைத்துப்போய் நின்றார். அவள் என்னை நேராகப் பார்த்தாள்.

"அண்ணி! நான் இங்கதான் இருக்கேன், எல்லாரும் உக்காருங்க! சொல்லுங்க அண்ணி!"

காலியான மேஜை மேல் ஏறினேன். வீட்டுப் பழக்கம், ஒரு சொல்லை மாற்றவில்லை. "நான் இங்கதான் இருக்கேன்! எல்லாரும் உக்காருங்க!"

என் தொண்டைக்குப் பாதித் திடல்தான் எட்டியது. "கேட்டவங்க பின்னால சொல்லுங்க! அப்படியே சொல்லுங்க!" என்று கத்தினேன். சொன்னார்கள். நான் இங்கதான் இருக்கேன் என்று நூறு வாய், அப்புறம் ஆயிரம் வாய். மீசைக்காரர்கள்கூட அவளாகவே மாறிக் கத்தினார்கள். தள்ளுவது நின்றது. முன்வரிசை உட்கார்ந்தது, அதற்குப் பின்வரிசை, கடைசியில் ரயில்பாதைக்காரர்களும். துப்பாக்கிகள் இறங்கின.

அவள் விட்ட இடத்திலிருந்து பேசினாள். ஒவ்வொரு வாக்கியமாக நான் வாங்கிக் கத்த, அது வரிசை வரிசையாகப் பின்னால் போனது. ஒரே வேலைக்கு ஒரே கூலி என்பது ரயில்பாதை வரை போய்ச் சேர்ந்தது. பேச்சு முடியும்போது என் குரல் கரகரத்துவிட்டது.

அவள் குனிந்து என்னிடம் மட்டும் கேட்டாள். "தொண்டை வலிக்குதா அண்ணி?"

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். முன்வரிசைக்கும் அது கேட்டுவிட்டது. அவர்கள் சும்மா இருப்பார்களா?

"தொண்டை வலிக்குதா அண்ணி?" என்று திடல் முழுக்கக் கேட்டது.