நாற்பத்து மூன்றாவது உறுப்பினர்

2006இல் எங்கள் கல்லூரியில் இணையத்தில் ஒரு வாசிப்புக் குழு தொடங்கினோம். வாரம் ஒரு சிறுகதை. படித்துவிட்டுச் சனிக்கிழமைக்குள் ஆளுக்கொரு மடல் எழுத வேண்டும். பேராசிரியர் சகாதேவன் நடத்தினார். 'கல்லூரியில் இருக்கும் யாரும் சேரலாம்' என்று அறிவிப்பு எழுதி ஒட்டியது நான். அதைப் படித்துவிட்டு நாற்பத்து மூன்றாவது ஆளாகச் சேர்ந்தவர், ஆண்கள் விடுதியில் சமைக்கும் ஜோதியம்மாள்.

கீழ்பென்னாத்தூரில் சின்ன வயதில் தமிழ்த் தட்டச்சுத் தேர்வில் தேறியவர். அதற்கேற்ற வேலை கிடைக்கவில்லை. கணினி அறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "பழைய மிஷின்ல இருந்த எடத்துலயே கீது, கவியா, எழுத்தெல்லாம்" என்றார். பத்து நிமிடத்தில் என்னைவிட வேகமாக அடித்தார்.

நான்காவது வாரக் கதை ஒரு விடுதியைப் பற்றியது. சாம்பார் சரியில்லை என்று மாணவன் தட்டை வீசுகிறான். சமையல்காரி அழுதுகொண்டே தரையைத் துடைக்கிறாள். "அந்தத் தாயின் பொறுமை என்னை உலுக்கிவிட்டது" என்று மூன்றாம் ஆண்டு மணி இரண்டு பக்கம் எழுதினான். மற்றவர்களும் ஏறக்குறைய அதையே எழுதினோம். நானும்தான்.

அதுவரை எதுவும் எழுதாத ஜோதியம்மாள் அன்று எழுதினார்:

"போன பங்குனியில் என் மேலும் தட்டு விழுந்தது. நான் அழவில்லை. வீசிய மாணவனிடம் கொட்டிய சோற்றை அள்ளச் சொன்னேன். அவன் அள்ளவில்லை. வார்டன் என்னைத்தான் மன்னிப்புக் கேட்கச் சொன்னார். கேட்டேன். அது பொறுமை இல்லை, வேலை போய்விடும் என்ற பயம். கதை எழுதியவருக்கு இது தெரியவில்லை."

மறுநாள் காலை சகாதேவன் சார் அவரைக் கணினி அறைக்குக் கூப்பிட்டார். நானும் அங்கே இருந்தேன்.

"அந்த மடலை எடுத்துடுங்கம்மா. மணியோட அப்பா போன் பண்ணி சத்தம் போடறாரு."

"நான் மணி பேரையே எழுதலியே சார். அந்தப் பையன்தான்னு அவருக்கு எப்பிடித் தெரிஞ்சுது?"

சார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கதையப் பத்தி மட்டும் எழுதுங்க. சொந்த விஷயம் எதுக்கு?"

"கதையப் பத்திதான் எழுதினேன். அவ அழுததைப் பத்தி எல்லாரும் எழுதலாம், நான் அழாததை எழுதக் கூடாதா?"

"அப்ப நானே எடுக்க வேண்டி வரும்."

"எடுங்க சார். நானா எடுக்க மாட்டேன். ஒரு வாட்டி பயந்தது போதும்."

மதியத்துக்குள் மடலும் இல்லை, குழுவில் அவர் பெயரும் இல்லை. நேராகச் சமையற்கட்டின் பின்வாசலுக்குப் போனேன். அவர் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"நாம வேற குழு ஆரம்பிக்கலாம்க்கா."

"உன் மார்க்குல கை வெப்பாங்க, பரவாயில்லியா?"

"வெக்கட்டும்."

ஞாயிற்றுக்கிழமை செங்கம் சாலையில் ஒரு பிரவுசிங் சென்டருக்குப் போனோம். ஆசிரமத்துக்கு வந்திருந்த ஒரு வெள்ளைக்காரர் எழுந்திருக்கும்வரை காத்திருந்து இடம் பிடித்தோம். புதுக் குழுவைத் தொடங்கியதும், நீக்கிய மடலை ஜோதியம்மாள் நினைவிலிருந்தே மறுபடி அடித்தார். இந்த முறை அடியில் தன் பெயர், வேலை, மணியின் பெயர் மூன்றையும் சேர்த்தார்.

ஒரு மாதத்தில் பத்தொன்பது பேர் வந்தார்கள். நூலக உதவியாளர் வந்தார்; வாட்ச்மேன் சின்னசாமி வந்தார். மணி வரவில்லை. என் இன்டர்னல் மதிப்பெண் குறைந்தது. விஷயம் வெளியே தெரிந்துவிட்டதால் விடுதியிலிருந்து ஜோதியம்மாளை அனுப்ப முடியாத வார்டன், அவரை விடியற்காலை டிபன் வேலைக்கு மாற்றினார்.

"கஷ்டமா இருக்காக்கா?" என்று கேட்டேன்.

"பதினோரு மணிக்கே வேலை முடிஞ்சிடுது. படிக்க நேரம் ஜாஸ்தி" என்றவர், அடுத்த வாரத்துக் கதையைத் தானே தேர்ந்தெடுத்து அனுப்பினார்.