பாடினால் நீளும் பலகை

பம்பாயில், சான்பாடா பக்கமிருந்து காலையில் வரும் லோக்கல் ரயிலின் பெண்கள் பெட்டியில், பாட்டு ஆரம்பித்தால் பலகை நீளும். மூன்று பேர் உட்காரும் இடத்தில், பாடுகிறவர்கள் ஆறு பேரானாலும் தாராளமாக உட்காரலாம். ரயில்வேக்காரர்கள் ஒரு தடவை டேப்போடு வந்து, யார்டில் நின்ற வண்டியை அளந்துவிட்டு, எல்லாம் சரி என்று போய்விட்டார்கள். நிற்கிற வண்டியில் யார் பாடுவார்கள்? அம்மன் பாட்டு, மராத்திக்காரர்களின் விட்டல் சாமி பாட்டு, போன வாரம் வந்த சினிமாப் பாட்டு, எதுவானாலும் பலகைக்குச் சம்மதம். சுருதியை அது பார்ப்பதில்லை. வாயைத் திறந்து பாட வேண்டும், அவ்வளவுதான்.

சீத்தா கேம்ப் குடிசைப் பகுதியிலிருந்து வரும் கீதாவுக்குச் சிக்கல் அங்கேதான். பள்ளிக்கூடத்தில் பாட்டு டீச்சர், "நீ வாயை மட்டும் அசை" என்று சொன்ன நாளிலிருந்து அவள் அசைக்க மட்டுமே செய்தாள். மான்குர்தில் ஏறி, கைதட்டி, தலையை ஆட்டி வருவாள். எங்கே உட்கார்ந்தாலும் பலகை அவளுக்குக் கீழே நழுவி வெறும் ஓரமாகிவிடும். பெட்டிக்கே விஷயம் தெரியும், யாரும் கேட்டதில்லை. வருஷங்கள் இப்படி நின்றும் தொற்றியும் கழிந்தன. பிறகு அவளுக்கு ஏழாம் மாதம் வந்தது. இனி நின்றுகொண்டு போனால் பிள்ளைக்கு ஆகாது, வேலையை விடு என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். மஸ்ஜித் பந்தர் கடையில் முந்திரி பொட்டலம் கட்டும் வேலை. அதை விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. பாட்டையே நிறுத்திவிட்டால் பலகை பழையபடி மூன்று பேருக்காவது இருக்கும், அதில் அவளை உட்கார வைக்கலாம் என்றாள் சான்பாடாவிலிருந்து வரும் பேங்க் கிளார்க் ரஞ்சனா. தனக்காகப் பாதிப் பேர் நிற்பதற்குக் கீதா ஒப்பவில்லை.

ஒரு நாள் கோவண்டி தாண்டியதும், எப்போதும் பாட்டை எடுத்துக்கொடுக்கும் பேராச்சி பாதியில் நிறுத்தினாள்.

"ஏட்டி கீதா, பலகைய ஏமாத்த முடியாதுட்டி. வாயத் தொற."

"எங்கொரலு தகரத்த இழுத்த மாதிரி இருக்கும் மதினி. எல்லாரும் சிரிப்பாவ."

"சிரிச்சா சிரிக்கட்டும். நீ ஒக்காரணும்லா."

கீதா பாடினாள். உண்மையிலேயே தகரம்தான். ரஞ்சனா அடக்கமாட்டாமல் சிரித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு கூடவே பாடினாள். கீதாவுக்கு வெட்கமும் சந்தோஷமும் ஒன்றாக வந்தன. பலகை நீண்டது. அவள் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்த பிறகும் பக்கத்தில் இன்னும் ஓர் இடம் மிச்சமிருந்தது.

பேராச்சி தலைகளை எண்ணிப் பார்த்தாள்.

"உள்ள கெடக்கதும் சேந்து பாடுதுட்டி" என்றாள். அடுத்த வரியை எடுத்தாள்.

கீதா பேறுகாலத்துக்கு லீவு போடும்வரை, கூட்ட நேரத்துப் பம்பாய் லோக்கலில் அந்த இடம் காலியாகவே போனது. யாரும் அதில் கைப்பையைக்கூட வைக்கவில்லை. குர்லாவில் இடித்துக்கொண்டு ஏறுகிறவர்கள் கேட்டால், கீதா பாட்டுக்கு நடுவே, "ஆள் இருக்கு" என்பாள். அவர்களும் சரி என்று நின்றுகொள்வார்கள்.