நாலாவது தடவை

இவளாவது இன்றைக்குக் கேட்காமல் இருந்துவிட்டால் தேவலை. கேட்டால் என்னிடம் பதில் இல்லை. பதில் சொல்லும் தெம்பும் இல்லை.

இப்படி நினைத்துக்கொண்டே ஸ்கேன் எடுப்பவள் அறை விளக்கைக் குறைத்தாள். காலையிலிருந்து படுக்கைக்கு வந்தவர்களில் இவள் பதினோராவது ஆள். ஸ்கேன் கருவியைப் பிடித்துப் பிடித்து மணிக்கட்டு விண்விண்ணென்று தெறித்தது.

படுக்கையில் இருந்தவள் மல்லாந்து படுப்பதற்குள் இரண்டு தரம் முகம் சுளித்தாள். இடுப்பெலும்பில் ஊசி இறக்கி மஜ்ஜை எடுத்த வலி இன்னும் போகவில்லை. அந்த மஜ்ஜையிலிருந்து பிரித்த செல்களை அவள் கருப்பைக்குள்ளேயே செலுத்தியிருந்தார்கள். கலைந்த கருவைச் சுரண்டி எடுத்தபோது தழும்பேறிப்போன உள்சவ்வு மறுபடி வளருமா என்று பார்க்கிற ஆராய்ச்சி. ஏழு மில்லிமீட்டர் வளர்ந்தால், உறையவைத்திருக்கும் ஒரே கருவை உள்ளே வைப்பார்கள். ஆராய்ச்சித் தாள்களில் அவளுக்குப் பெயர் கிடையாது, ஒன்பதாம் எண்.

"என்னக்கா, புல்லு முளைச்சிருக்கா?"

"பார்க்கலாம். அசையாம இரு."

மூன்று முறை அளந்து பெரியதை எழுத வேண்டும் என்பது விதி. திரையில் இரண்டு சிறு குறிகளைச் சவ்வின் இரு ஓரத்திலும் நகர்த்தி வைத்தாள். ஆறு புள்ளி இரண்டு. ஆறு புள்ளி நான்கு. ஆறு புள்ளி ஒன்று.

"வளர்ந்திருக்கும்மா. முன்னாடி நாலுதான் இருந்துச்சு. ஆனா ஏழு ஆகலை."

ஒன்பதாம் எண் கூரையைப் பார்த்தபடி கிடந்தாள்.

"அக்கா, நாலாவது தடவை அளங்க. அந்தக் குறியைக் கொஞ்சூண்டு தள்ளி வைங்க. யாருக்குத் தெரியப்போகுது?"

கேட்டேவிட்டாள்.

"கரு தங்கலைன்னா?"

"தங்கலைன்னா முடிஞ்சு போச்சுன்னு வீட்டுக்குப் போவேன். இல்லேன்னா மறுபடி ஊசி, மறுபடி மூணு மாசம். மாமியார் தினம் போன் பண்ணி 'எத்தனை மில்லி'ன்னு கேக்கிறாங்க, பால்காரர்கிட்ட கேக்கிற மாதிரி. போதும்க்கா."

"போதும்னு டாக்டர்கிட்ட சொல்லலாமே."

"ஒண்ணு அங்க காத்துக்கிட்டு இருக்கே. அதை வேணாம்னு என் வாயால எப்படிச் சொல்ல?"

அவள் கேட்பது குழந்தையை அல்ல, ஒரு முடிவை என்று ஸ்கேன்காரிக்குப் புரிந்தது. புரிந்ததால் இன்னும் களைப்பாக இருந்தது.

நான்காம் எண் பெண்ணுக்கு அவள் இதைச் செய்திருக்கிறாள். ஆறு புள்ளி ஏழை ஏழாக்கினாள். இரக்கம்தான், வேறொன்றுமில்லை. கரு தங்கவில்லை. "எல்லாம் சரியா வளர்ந்தும் என் உடம்புக்குக் கொடுத்து வைக்கலை" என்று அந்தப் பெண் இவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதுவிட்டுப் போனாள். அந்தப் புள்ளி மூன்றுதான் காரணமா? யாராலும் சொல்ல முடியாது. ஆனால் தன் உடம்பின்மேல் பழியைப் போட்டுக்கொண்டு போனவளைக் கூப்பிட்டு உண்மையைச் சொல்ல, இவளுக்கு இன்றுவரை வாய் வரவில்லை.

சுவரில் இருந்த ஃபோன் அடித்தது. ஆராய்ச்சியை நடத்தும் மூத்த டாக்டர்.

"ஒன்பதுக்கு எவ்வளவு?"

ஒன்பதாம் எண் எட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். வலிக்கிற கை அதுதான். அவள் விலக்கிக்கொள்ளவில்லை.

"ஆறு புள்ளி நாலு, டாக்டர்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. "இவ்வளவு தூரம் வந்துட்டோம். இன்னொரு தடவை அளந்துதான் பாருங்களேன்."

திரையில் குறிகள் இரண்டும் வைத்த இடத்திலேயே நின்றன.

"மூணு தடவை பார்த்துட்டேன், டாக்டர்" என்று சொல்லி ஃபோனை வைத்தாள்.