காலித் தட்டு

தலைமையாசிரியை மேசைமேல் வைத்த தாளில் பதினேழு புகார்கள் இருந்தன. எண் போட்டு, தேதி போட்டு, சிவப்பு மையில் அடிக்கோடும் போட்டிருந்தார்கள். வண்டின் அம்மா அதை முதலிலிருந்து கடைசிவரை நிதானமாகப் படித்தாள். பாடம் நடக்கும்போது பிள்ளை எழுந்து நடந்தாள். பக்கத்துப் பிள்ளையின் பென்சிலைச் சீவிச் சீவியே தீர்த்தாள். கேள்வி முடிவதற்குள் பதில் சொன்னாள், அதுவும் வேறு கேள்விக்கு. ஜன்னலுக்கு வெளியே நின்ற பூனையிடம் நலம் விசாரித்தாள். ஓயாமல் முனகினாள்.

"முனகல் இல்ல மேடம். வாய்க்குள்ளேயே ராகம் இழுப்பா. அதனாலதான் வீட்ல வண்டுன்னு கூப்பிடுறோம்."

தலைமையாசிரியைக்கு வண்டிலும் அக்கறை இல்லை, ராகத்திலும் அக்கறை இல்லை. "டாக்டர் எழுதிக் குடுத்து ரெண்டு மாசம் ஆச்சு. நீங்க இன்னும் யோசிச்சுக்கிட்டே இருக்கீங்க. ஒண்ணு, திங்கக்கிழமையிலிருந்து மாத்திரையை ஆரம்பிங்க. இல்லன்னா வேற பள்ளிக்கூடம் பாத்துக்குங்க. ஒரு பிள்ளைக்காக முப்பத்தெட்டுப் பிள்ளைங்க படிப்பு கெட முடியாது."

பக்கத்தில் நின்ற வகுப்பாசிரியை தலையை மட்டும் ஆட்டினாள். அவளும் பாவம், தூங்கி நாளாகியிருக்கும் போலக் கண்ணெல்லாம் வீங்கியிருந்தது. ஆனால் வண்டின் அம்மாவுக்கு அன்று யார்மேலும் பாவம் பார்க்கும் மனநிலை இல்லை. எட்டு வயதுப் பிள்ளை. தைத்த சட்டை சரியில்லை என்று தையல்காரரிடம் திருப்பித் தருவதுபோலத் திருப்பித் தருகிறார்களே என்று கோபம் வந்தது.

மாத்திரை அட்டை வீட்டு அலமாரியின் மேல்தட்டில், பூட்டுப் போட்ட இரும்புப் பெட்டிக்குள் இருந்தது. ஒன்றுகூடக் கிழிக்கவில்லை. குழந்தை மருத்துவர் ஒளிவுமறைவு இல்லாமல் பேசுகிற பெண். இது பிள்ளையின் குறும்பும் இல்லை, உங்கள் வளர்ப்பும் இல்லை, கவனத்தைக் கட்டி நிறுத்த மூளை படுகிற சிரமம் என்று சொல்லியிருந்தாள். மாத்திரை பலருக்கு உதவும், பசி குறையலாம், தூக்கம் தள்ளிப்போகலாம், சில பிள்ளைகள் அடங்கிப்போனதுபோல ஆகலாம், அப்படியானால் அளவை மாற்றலாம் அல்லது நிறுத்தலாம் என்றும் சொன்னாள். அம்மாவின் காதில் தங்கியது ஒரு வார்த்தைதான். அடங்கிப்போவது. காலையில் பல் விளக்கும்போதே தொடங்கி, காலணி மாட்டும்வரை நிற்காத அந்த ராகம் அடங்கிப்போனால் வீட்டில் என்ன மிஞ்சும் என்று அவள் பயந்தாள். அந்தப் பயத்தைத்தான் இரண்டு மாதமாக யோசனை என்று பெயர் வைத்து எல்லோரிடமும் சொல்லி வந்தாள்.

நாத்தனார் வேறு வாராவாரம் வந்து ஓதிவிட்டுப் போவாள். "மூளைக்கு மருந்து குடுக்கிற வயசா இது? நாலு போடு போட்டு வளத்திருந்தா இந்தத் தொல்லையே இல்ல." தன் மகன்களை அவள் அப்படித்தான் வளர்த்தாள். ஒருவனும் இன்றைக்கு அவளுக்குப் போன் செய்வதில்லை. அதை யாரும் அவளிடம் எடுத்துச் சொன்னதில்லை.

வண்டின் அம்மாவுக்கு வேலை தராசுப் பட்டறையில். மளிகைக்கடை, இறைச்சிக்கடை, தபால் நிலையம், பிரசவ ஆஸ்பத்திரி என்று எங்கெங்கிருந்தோ வருகிற தராசுகளைப் பிரித்து, துடைத்து, படிக்கல் வைத்துப் பார்த்து, சரி என்று முத்திரை குத்தி அனுப்புவாள். பதினோரு வருஷ அனுபவம். எந்தத் தராசு வந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். தட்டைத் துடை, ஒன்றும் வைக்காதே, கையை எடு, எண்ணைப் பார். வெறும் தட்டுக்கே நாற்பது கிராம் காட்டினால், அதற்கப்புறம் அதில் எதை வைத்தாலும் அது சொல்வது பொய். இதைப் பார்க்காமல் படிக்கல்லைத் தூக்கி வைக்கிறவனைப் பட்டறையில் ஒரு வாரம்கூட வைத்துக்கொள்ள மாட்டார்கள். கடைத்தெருவில் நடந்து போகும்போது, இறைச்சிக்கடைக்காரர் தட்டின் விளிம்பில் சுண்டுவிரலை வைத்திருப்பது பத்தடி தூரத்திலிருந்தே அவள் கண்ணுக்குப் பட்டுவிடும். "அண்ணே, விரலுக்கு என்ன விலை?" என்று கேட்டுவிட்டுத்தான் நகருவாள்.

தலைமையாசிரியை அறையிலிருந்து வீடு வந்து சேர்வதற்குள் அவளுக்குத் திட்டம் வந்துவிட்டது. பள்ளிக்கூடம் என்கிற தராசு காலித் தட்டுக்கு என்ன காட்டுகிறது என்று முதலில் பார்க்க வேண்டும்.

திங்கட்கிழமை காலை பள்ளி நாட்குறிப்பேட்டில், 'மாத்திரை தொடங்கிவிட்டோம்' என்று அழகான கையெழுத்தில் எழுதினாள். பெட்டியைத் திறக்கவே இல்லை. வண்டைப் பக்கத்தில் உட்காரவைத்துத் தலைவாரிக்கொண்டே, "மிஸ் கேட்டா அம்மா குடுத்தாங்கன்னு சொல்லு. வேற ஒண்ணும் சொல்ல வேணாம்" என்றாள்.

சலவைக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்த கணவன் வாசலில் நின்று கேட்டான். "பிள்ளைய வச்சுப் பொய் சொல்றது நல்லா இருக்கா?"

"பொய் இல்லைங்க. சோதனை."

அவன் அவளை ஒரு பார்வை பார்த்தான். பத்து வருஷக் குடித்தனத்தில் அந்தக் குரலுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது என்று அவனுக்குத் தெரியும். சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டு போய்விட்டான்.

செவ்வாய்க்கிழமையே குறிப்பேட்டில் பதில் வந்தது. 'நல்ல மாற்றம் தெரிகிறது.' வியாழக்கிழமை, 'இன்று ஒருமுறைகூட இடத்தை விட்டு எழவில்லை. மிக்க நன்றி.' அடுத்த வாரம் தலைமையாசிரியையே தொலைபேசியில் கூப்பிட்டு, "இதை முன்னாடியே செஞ்சிருந்தா எல்லாருக்கும் எவ்வளவு நிம்மதி" என்றாள். வண்டின் அம்மா பட்டறையில் போனை வைத்துவிட்டு, கையிலிருந்த தபால் தராசையும் கீழே வைத்துவிட்டு, வாய்விட்டுச் சிரித்தாள். தட்டில் ஒன்றுமே இல்லை. தராசு முழு எடை காட்டுகிறது. இன்னும் ஒரே வாரம், அதற்கப்புறம் குறிப்பேட்டையும் கிழிக்காத மாத்திரை அட்டையையும் அந்த மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, உங்கள் பதினேழு புகாரையும் எந்தத் தராசில் நிறுத்தீர்கள் என்று கேட்க வேண்டும். என்ன புடவை கட்டிக்கொண்டு போவது என்பதுவரை முடிவு செய்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை நாத்தனார் வந்தபோது வண்டின் அம்மா வாய் நிற்காமல் எல்லாவற்றையும் சொன்னாள். நாத்தனாருக்குத் தலைகால் புரியவில்லை. "பாத்தியா, நான் சொல்லல? பிள்ளைக்கு ஒண்ணுமே இல்ல. மாத்திரையே இல்லாம உக்காந்திருக்கா பாரு. எல்லாம் நினைச்சா முடியும்." இத்தனை வருஷத்தில் இருவரும் ஒரு பக்கம் நின்றது அதுதான் முதல் தடவை. அப்போதே வண்டின் அம்மாவுக்குச் சந்தேகம் தட்டியிருக்க வேண்டும்.

தட்டவில்லை. வண்டு மேசையோரம் உட்கார்ந்து இருவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வீடு ஏதோ குறைவாக இருப்பதுபோல அம்மாவுக்குப் பட்டது. என்ன குறைகிறது என்று பிடிபடக் கொஞ்ச நேரம் ஆனது.

"என்ன வண்டு, சத்தத்தையே காணோம்?"

"மறந்துபோச்சும்மா."

சாப்பாட்டு டப்பா ஒரு வாரமாகப் பாதி மிச்சத்தோடு திரும்பி வந்தது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. ராத்திரியில் புரண்டு புரண்டு படுத்ததும். பசி இல்லை, தூக்கம் இல்லை, ராகம் இல்லை. மருத்துவர் எச்சரித்த அத்தனையும் வந்திருந்தன, மாத்திரை மட்டும் வரவில்லை.

மத்தியானம் தலைக்குத் தண்ணீர் ஊற்றும்போது பார்த்தாள். இரண்டு தொடையிலும் வரிசையாக நகக்குறிகள். பழையது மங்கியும், புதியது சிவந்தும்.

"இது என்னடி?"

"உக்காரும்போது பிடிச்சுக்குவேன்."

"எதைப் பிடிச்சுக்குவே?"

"என்னைத்தான்."

அம்மா குவளையைக் கீழே வைத்தாள். வண்டு கண்ணில் வழிந்த நுரையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள். "எழுந்துட்டா மிஸ்ஸுக்குத் தெரிஞ்சிடும்ல, நீ குடுக்கலன்னு. அப்புறம் உன்னைத் திட்டுவாங்க. தினமும் எல்லார் முன்னாடியும் கேப்பாங்கம்மா, மாத்திரை போட்டாச்சான்னு. ஆமான்னு சொன்னா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க, வேலை செய்யுதான்னு."

"பாடம்? பாடம் புரிஞ்சுதா?"

"பிடிச்சுக்கிட்டே இருக்கும்போது எப்படிம்மா கேக்கிறது?"

வண்டின் அம்மா ஈரத்தரையில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். ஊரிலுள்ள இறைச்சிக்கடை விரலையெல்லாம் பத்தடியில் பிடித்தவள், தன் தட்டின்மேல் தன் பிள்ளையே பத்து விரலையும் வைத்து அழுத்திக்கொண்டிருந்ததைப் பார்க்கவில்லை. தட்டு காலியாகவே இல்லை. எட்டு வயதுப் பிள்ளை இரண்டு வாரமாக அம்மாவின் பொய்யைத் தொடையில் தாங்கிக்கொண்டிருந்தாள். வெட்கமாக இருந்தது. பதினேழு புகாரைப் படித்தபோது வந்த கோபத்தைவிட இது பெரிய கோபம், ஆனால் இதில் பாதி அவள் மேலேயே திரும்பியது. அழுதாள். வண்டு அவள் தலையில் இரண்டு குவளை தண்ணீர் ஊற்றி ஆறுதல் சொன்னாள்.

துவட்டிக்கொண்டு வெளியே வந்ததும், நாத்தனாரைக் கூப்பிட்டு அந்தக் குறிகளைக் காட்டினாள். "அண்ணி, நினைச்சா முடியும்னு சொன்னீங்கல்ல. இப்படித்தான் முடிஞ்சிருக்கு."

நாத்தனார் பார்த்தாள். பிறகு, "இருந்தாலும் மாத்திரைன்னா..." என்று தொடங்கினாள்.

"அந்த இருந்தாலும் உங்க வீட்லயே இருக்கட்டும் அண்ணி. இங்க நான் பாத்துக்கிறேன்."

திங்கட்கிழமை மருத்துவரிடம் போய் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டாள். மருத்துவர் முதலில் நன்றாகத் திட்டினாள். பிறகு வண்டிடம் திரும்பி, மாத்திரை என்ன செய்யும், என்ன செய்யாது என்று அவளுக்கே சொன்னாள். வண்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பிடிக்கலன்னா நிறுத்தலாமா?"

"எங்ககிட்ட சொல்லு. அளவை மாத்திப் பாப்போம். அப்பவும் வேணாம்னா நிறுத்திடலாம்."

"அப்ப சரி. பாக்கலாம்."

அந்த வாரம் பள்ளிக்கூடம் கிடையாது என்று அம்மாவே முடிவு செய்தாள். பட்டறைக்கு விடுப்புச் சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்தாள். காலை ஏழரைக்கு மாத்திரை. ஒரு நோட்டில் பார்த்ததை மட்டும் எழுதினாள், நினைத்ததை எழுதவில்லை. மத்தியானம் அரைச் சாப்பாடு, சாயங்காலம் இரண்டு ஆள் சாப்பாடு. இரண்டாம் நாள் வண்டு தலைவலி என்றாள், நாலாம் நாள் இல்லை என்றாள். தூக்கம் அரைமணி தள்ளிப்போனது. வெள்ளிக்கிழமை வண்டு, அம்மா முன்பு பட்டறையிலிருந்து கொண்டுவந்திருந்த பழைய சுருள்வில் தராசைப் பிரித்து, ஒன்பது திருகாணியையும் ஒரு மூடியில் சேர்த்துவைத்து, ஒன்பதையும் திரும்ப மாட்டினாள். இதற்கு முன்னால் ஐந்துக்குமேல் மிஞ்சியதில்லை. மாட்டும்போது ராகம் வந்தது. பழைய சத்தம் இல்லை, கொஞ்சம் சன்னம்தான். ஆனால் வந்தது. கணவன் சலவைக்கூடத்திலிருந்து வந்து வாசலிலேயே நின்று கேட்டான்.

"எப்படி இருக்கு வண்டு?" என்றாள் அம்மா.

"ரேடியோவில பத்து ஸ்டேஷன் கேக்கும்ல, இப்ப மூணுதான் கேக்குது."

"மூணு போதுமா?"

"திருகாணிக்குப் போதும். பூனைக்குப் பத்தும் வேணும்."

அடுத்த திங்கட்கிழமை தலைமையாசிரியை அறையில், முன்பே முடிவு செய்த அதே புடவையில் உட்கார்ந்தாள். வகுப்பாசிரியையும் இருந்தாள். குறிப்பேட்டை மேசைமேல் விரித்தாள். "நீங்க நல்ல மாற்றம்னு எழுதின ரெண்டு வாரமும் என் பிள்ளை ஒரு மாத்திரைகூடச் சாப்பிடல."

வகுப்பாசிரியையின் முகம் வெளுத்தது. தலைமையாசிரியைக்குச் சிவந்தது. "பள்ளிக்கூடத்தை ஏமாத்தியிருக்கீங்க."

"ஆமா. அது என் தப்பு. அதுக்கு என் பிள்ளைகிட்ட மன்னிப்புக் கேட்டாச்சு, உங்ககிட்டயும் கேக்கிறேன். ஆனா அவ தொடையில நகத்தைப் பதிச்சு உக்காந்திருந்தா. அதைத்தான் நீங்க மாற்றம்னு எழுதினீங்க. அவ அசையாம இருந்தா உங்களுக்குப் போதும். பாடம் ஏறுச்சான்னு ஒரு வரி இல்ல இதுல."

குறிப்பேட்டை மூடிவிட்டுத் தொடர்ந்தாள். "மாத்திரை வேணுமா வேணாமான்னு இனிமே நானும் அவ அப்பாவும் டாக்டரும் பாத்துக்குவோம், அவளையும் கேட்டு. வகுப்பில எல்லார் முன்னாடியும் அதைக் கேக்கக் கூடாது. வேற பள்ளிக்கூடம் பாக்கணும்னா, காரணத்தை எழுதிக் கையெழுத்துப் போட்டுக் குடுங்க. வாங்கிட்டுப் போறேன்."

வகுப்பாசிரியை மெதுவாக, "நான் எல்லார் முன்னாடியும் கேட்டிருக்கக் கூடாது" என்றாள். அதைச் சொல்லத் தைரியம் வேண்டும், தலைமையாசிரியை பக்கத்திலேயே இருந்தாள்.

தலைமையாசிரியை எழுதித்தரும் ரகம் இல்லை. மணியடித்து ஆளனுப்பி வண்டை வரவழைத்தாள். பிள்ளைகளிடம் பேசவென்று வைத்திருந்த தேன் குரலில் கேட்டாள். "சொல்லும்மா, பயப்படாதே. இன்னிக்கு மாத்திரை போட்டியா?"

வண்டு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். சொல்லு என்றோ சொல்லாதே என்றோ ஒரு கண்ணசைவு போதும், பிள்ளை பிடித்துக்கொண்டுவிடும். வண்டின் அம்மா மேசைமேல் இருந்த தன் இரண்டு கைகளையும் எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை.

வண்டு ஒற்றைக்காலில் நின்று யோசித்தாள். பிறகு காலை மாற்றிக்கொண்டாள்.

"சொல்ல மாட்டேன் மேடம். நீங்க பாத்து எழுதுங்க."

யாரும் போகச் சொல்லுமுன்பே வெளியே போய்விட்டாள். தாழ்வாரத்தில் அவள் ஓடுகிற சத்தம் கேட்டது, அதனூடே ராகமும் கேட்டது. பதினெட்டாவது புகாராக எழுதிக்கொள்ளட்டும் என்று அவள் அம்மா எழுந்து கிளம்பினாள்.