நாலு பட்டன்

…கேபிளில் கோளாறு இருக்க முடியாது, மைக்ரோகன்ட்ரோலரின், அந்தத் தீப்பெட்டி அளவு சர்க்யூட் அட்டையின், தலையில் பச்சைப் புள்ளி எரிகிறதே, கரண்ட் போகிறது என்றுதானே அர்த்தம், அப்புறம் ஏன் புரோகிராம் அடம்பிடிக்கிறது, அதோடு லேப்டாப் பேச வேண்டிய வழியான சீரியல் போர்ட்டைத் திறக்க முடியவில்லை, வேறு யாரோ பிடித்து வைத்திருக்கிறார்கள் என்று சிவப்பு எழுத்தில் சொல்கிறது, யார் பிடிப்பார்கள், முகப்பேரில் இந்த ஹவுசிங் போர்டு வீட்டில், மாமியார் சகாயம்மாள் சர்ச் பூசைக்குப் போய்விட்ட ஞாயிற்றுக்கிழமைக் காலையில், இருப்பது அவளும் ஃபெலிக்ஸும் மட்டும்… ஹெலினா திரும்பிப் பார்த்தாள். ஜன்னலோர நாற்காலியில் தலையணை முட்டுக்கொடுத்துப் புருஷன் உட்கார்ந்திருந்தான், வலது கை யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பொருள் மாதிரி மடியில் கிடந்தது, இடது கைக்குக் கீழே டிபன் பாக்ஸ் மூடியில் அவள் பதித்துக் கொடுத்த நாலு பட்டன், ஒன்றை அமுக்கினால் அவனுக்காக லேப்டாப் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். பக்கவாதம் வந்து மாதங்கள் ஆகின்றன, நாக்குதான் புரளவில்லை, புத்தி தெளிவாக இருக்கிறது என்று டாக்டர் சொன்னபோது எல்லோரும் ஆறுதலாகத் தலையாட்டினார்கள், அவள் மட்டும் தலையாட்டவில்லை, தெளிவாக இருக்கிற புத்தி உள்ளே என்னென்ன பேசிக்கொண்டிருக்கும்… ஐயப்பன்தாங்கல் டிப்போவிலிருந்து பஸ்ஸை எடுத்தால் திரும்பி வரும்வரை கண்டக்டரோடு வாய் ஓயாதவன்.

அட, பிடித்து வைத்திருப்பது அவளேதான், காலையில் சோதித்துப் பார்க்க லேப்டாப் திரையில் திறந்த இன்னொரு ஜன்னல் பின்னால் மறைந்து நிற்கிறது, ஒரு போர்ட்டை ஒரு நேரத்தில் ஒருவர்தானே பிடிக்க முடியும், மூடினாள், மறுபடி ஓட்டினாள், இப்போது திறந்துகொண்டது. "ஒண்ணு அமுக்கு பாக்கலாம்." அவன் அமுக்கினான். திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளுமாகக் கொட்டியது, எறும்பு மையில் விழுந்து ஊர்ந்த மாதிரி, எந்த மொழி இது… சிரிப்புதான் வந்தது. எழுத்து அட்டையை எழுதி மாட்டி, விரலால் தொட்டுக் காட்டச் சொன்ன வாரம் நினைவுக்கு வந்தது, இருநூற்று நாற்பத்தேழு எழுத்து, 'கொ'வைத் தேடுவதற்குள் அவனுக்குக் கோபம் வந்து அட்டையைத் தள்ளிவிட்டான். குப்பையாக வந்தால் முதலில் என்ன பார்க்க வேண்டும், கல்யாணத்துக்கு முன் அம்பத்தூர் எஸ்டேட்டில் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி டெஸ்டிங் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாளே, பக்கத்துப் பெஞ்ச் கார்த்திகேசன் இட்லியை மென்றுகொண்டே சொல்வான், "சொல்றவனும் கேக்கறவனும் ஒரே ஸ்பீடுல இல்லன்னா இப்டிதாம்மா கீச்சும்." ஒரே ஸ்பீடு… மைக்ரோகன்ட்ரோலர் பக்கம் வேகம் 9600 என்று எழுதியிருக்கிறாள், லேப்டாப் பக்கம்? 115200. கையெட்டும் தூரத்தில் இருந்துகொண்டு இரண்டும் ஒன்றையொன்று கேட்காமல் கத்திக்கொண்டிருந்திருக்கின்றன. மாற்றினாள்.

இப்போது ஒன்றுமே வரவில்லை. குப்பைகூட இல்லை. அவன் அமுக்குகிறான், மைக்ரோகன்ட்ரோலரில் விளக்கு சிமிட்டுகிறது, அனுப்புகிறது, ஆனால் லேப்டாப் ஊமையாக… அந்த வார்த்தையை நினைத்ததும் அவளுக்குச் சுருக்கென்றது, மாமியார் வாயில் வந்தாலே சண்டைக்குப் போகிறவள். சத்தம் வர வேண்டிய கோப்புகள் இருக்கின்றனவா என்று பார்த்தாள், நாலும் இருந்தன. பழைய வாட்ஸ்ஆப்பில் அவன் அனுப்பிய குரல் செய்திகளை ஒன்று விடாமல் கேட்டு வெட்டி எடுத்தவை. 'இங்க வா' சுலபமாகக் கிடைத்தது, நூறு இடத்தில் சொல்லியிருந்தான். தண்ணி லாரி வந்ததா என்று கேட்ட செய்தியில் 'தண்ணி', தாழ்ப்பாளைப் பற்றிய செய்தியில் 'பாத்ரூம்'. 'வலி' மட்டும் எங்கேயும் இல்லை, இத்தனை வருஷத்தில் இந்த ஆள் ஒரு தடவைகூட வலிக்கிறது என்று சொன்னதில்லையா, கடைசியில் அவன் தம்பி யூஜினைப் பேச வைத்துத்தான் பதிந்தாள், யூஜின் சொல்லிவிட்டு வராந்தாவுக்குப் போய் வெகுநேரம் நின்றான்… இதெல்லாம் ஏன் இப்போது, எழுதினதைப் பார், எழுதினதைப் பார். புரோகிராம் ஒரு முழு வரி வருவதற்காகக் காத்திருக்கிறது. வரி முடிந்தது என்று எதைக் கொண்டு தெரிந்துகொள்ளும், முடிவுக் குறியைக் கொண்டு, அதை அனுப்பச் சொல்லி இவள் எழுதவே இல்லையே, பாவம், அது பாதிப் பேச்சைக் கையில் வைத்துக்கொண்டு மீதி வரும் வரும் என்று உட்கார்ந்திருக்கிறது. திருத்தினாள், மைக்ரோகன்ட்ரோலரில் மறுபடி ஏற்றினாள்.

"ம், அமுக்கு."

"தண்ணி," என்றது லேப்டாப். ஃபெலிக்ஸின் குரலில், கொஞ்சம் அவசரமாக, பின்னால் எங்கோ ஹாரன் சத்தத்தோடு. அவள் எழுந்து ஓடினாள், குடத்தில் மொண்டாள், டம்ளரை அவன் வாயருகே கொண்டுபோனாள். உதட்டை இறுக்கிக்கொண்டான். "வேணாமா? பின்ன இன்னாத்துக்குக் கேட்ட?" இடது கை மெல்ல உயர்ந்து டம்ளரைத் தள்ளியது, கோபமாக அல்ல, அவள் பக்கமாக. மறுபடி பட்டனுக்கு இறங்கியது. "தண்ணி." கண் டம்ளருக்குப் போய் அவள் முகத்துக்கு வந்தது. தான் காலையிலிருந்து ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. குடித்தாள். அவன் வாயின் ஒரு ஓரம் மட்டும் ஏறியது.

அவனுக்கு என்ன தேவைப்படும் என்று யோசித்து யோசித்து நாலு வார்த்தை வைத்தாளே, நாலும் நோயாளியின் வார்த்தை, அவன் யாரிடமாவது எதையாவது கேட்க, சொல்ல, வம்பிழுக்க ஆசைப்படுவான் என்று ஏன் தோன்றவில்லை… மைக்ரோகன்ட்ரோலரில் பட்டன் இணைக்கிற பின்கள் இன்னும் எத்தனையோ காலியாகக் கிடக்கின்றன. "அஞ்சாவது ஒண்ணு வெக்கலாம் ஃபெலிக்ஸு, இன்னா வெக்கட்டும் சொல்லு," என்று கேட்டுவிட்டாள், கேட்ட பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டாள், இந்த நாலை வைத்துக்கொண்டு அவன் எப்படிச் சொல்வான். அவன் பட்டன்களை நிதானமாகப் பார்த்தான். விரல் கடைசி பட்டனுக்கு நகர்ந்தது.

"இங்க வா," என்றது அவன் குரல்.

அவள் போய்க் காலடியில் உட்கார்ந்தாள், அது கேட்ட கேள்விக்குப் பதிலா, இல்லை சும்மா பக்கத்தில் வரச் சொன்னானா என்று தெரியாமலே.