நட்சத்திர மீனுக்குத் துணை

மாரிசெல்வத்தைக் கொன்றது அவன் ஆசையாக வைத்திருந்த தொட்டிதான். கடல் தண்ணீர் நிறைத்து மீன் வளர்த்த நாலடிக் கண்ணாடித் தொட்டி. புரட்டாசியில் ஒரு காலை, கண்ணாடியில் படிந்த பாசியைச் சுரண்ட உள்ளே கைவிட்டவன் அப்படியே சரிந்தான். மோட்டார் ஒயரில் எங்கோ கசிவு. இருபத்தாறு வயது. ராஜபாளையம் ரோட்டில் செல்போன் பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான்.

பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்து மெயினை அணைத்தார்கள். கரண்ட் போனால் தானாக ஓடட்டும் என்று அவன் வாங்கி வைத்திருந்த பேட்டரி பம்ப் அந்த நிமிஷமே ஓடத் தொடங்கியது. மறுநாள் உடலை எடுத்துப் போகும்வரை யாரும் மெயினைப் போடத் துணியவில்லை. ஒப்பாரிக்கு நடுவே தொட்டி களகளவென்று குமிழி விட்டுக்கொண்டே இருந்தது. அவன் அம்மா பேச்சித்தாய்க்கு அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகவில்லை. அதன்பிறகு அவள் தொட்டி இருந்த முன்னறைக்குள் கால் வைக்கவே இல்லை. பின்வாசல் வழியாகத்தான் போனாள், வந்தாள்.

"அதை உடைச்சுப் போடுங்க" என்றாள் புருஷனிடம்.

"உள்ள உசுருள்ளதுக கெடக்கு பேச்சி" என்றார் மருதப்பன்.

மகன் இருந்தபோது அவருக்கும் அந்தத் தொட்டி பிடித்ததில்லை. "குடிதண்ணி வாரத்துக்கு ஒருக்க வார ஊர்ல இவன் கடலைக் கொண்டாந்து வச்சிருக்கான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்போது காலையில் எழுந்ததும் அதன் முன்னால்தான் நாற்காலி போட்டு உட்கார்ந்தார். பதினாறாம் நாள் முடிந்த கையோடு வயர்மேன் பரமசிவனைக் கூட்டிவந்து, ஷாக் அடித்தால் தானே அணைந்துவிடும் ட்ரிப்பரைப் போட்டார். பரமசிவன் ஏதோ சொல்ல வாயெடுத்து, அவர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.

மருதப்பன் இருபத்தேழு வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். பதினைந்து நாளுக்கு ஒருமுறை தூத்துக்குடிக்குப் போய், இரண்டு கேன் கடல் தண்ணீர் பிடித்து, பஸ்ஸின் பின்பெட்டியில் வைத்துக் கொண்டுவந்தார். தெரிந்த கண்டக்டர்கள் எதுவும் கேட்கவில்லை. தொட்டியில் இரண்டு ஆரஞ்சு மீன்கள், வெள்ளை மீசை வைத்த சிவப்பு இறால் ஒன்று, பாசி தின்னும் நத்தைகள், காலிச் சங்குக்குள் குடியிருக்கும் நாலைந்து குட்டி நண்டுகள். அப்புறம் செங்கல் நிறத்தில் ஒரே ஒரு நட்சத்திர மீன். அது மணிக்கணக்கில் கண்ணாடியில் ஒட்டியபடி அசையாமல் இருக்கும். பாவம், இதற்கு மட்டும் ஜோடி இல்லையே என்று அவருக்குத் தோன்றும்.

கார்த்திகையில் தூத்துக்குடி போனபோது, தொட்டியில் வளர்க்கும் கடல்மீன் விற்கும் கடை ஒன்றில் ஒரு இறாலைப் பார்த்தார். வெள்ளை உடம்பில் ஊதாப் புள்ளிகள். யாரோ உட்கார்ந்து வரைந்தது போல இருந்தது.

"என் தொட்டியில ஒரு நட்சத்திர மீன் கெடக்கு. அது கூட இதை விடலாமா?"

"தாராளமா விடுங்க அண்ணாச்சி. எறாலுதான, என்ன செஞ்சிரப் போவுது?" என்றான் கடைக்காரன்.

மூன்றாம் நாள் பார்த்தால் நட்சத்திர மீனின் ஒரு கை நுனி இல்லை. நாலாம் நாள் அது மல்லாந்து கிடந்தது. புள்ளி இறால் மேலே உட்கார்ந்து என்னவோ கொறித்துக்கொண்டிருந்தது. வெள்ளை மீசை இறால் மீன்களின் மேலிருக்கும் அழுக்கைத் தின்று சுத்தம் செய்வதை அவர் பார்த்திருக்கிறார். இதுவும் நோய்ப்பட்ட இடத்தைச் சுத்தம் செய்கிறது போல என்று நினைத்தார். ஆறாம் நாள் ஒரு கை முழுதாகக் காணோம். வெறுங்கண்ணுக்கே வெட்டுப்பட்ட இடம் தெரிந்தது.

அன்று பகல் பதினோரு மணிக்கு மகனின் போனை எடுத்தார். அதில் கடல்தொட்டி வைத்திருப்பவர்களின் வாட்ஸப் குரூப் ஒன்று இருந்தது. ஆளுக்கொரு ஊர், ஒருவரை ஒருவர் நேரில் பார்த்தவர்கள் இல்லை. மாரிசெல்வம் செத்தது அவர்களுக்குத் தெரியாது. சொல்ல வேண்டும் என்று பலமுறை எடுத்து, சொல்லாமலே வைத்திருந்தார். இப்போது படம் பிடித்துப் போட்டு, "ரெண்டையும் ஒண்ணா வைக்கலாமா?" என்று தட்டுத்தடுமாறி எழுதினார்.

கடையநல்லூர் நியாஸ் அகமது என்ற பெயரிலிருந்து உடனே பதில் வந்தது. "மாரி! ரெண்டு மாசமா எங்கல போன? வெளாடுதியா? நீதானல எனக்கே சொன்ன." கீழே ஒரு பழைய குரல் பதிவு. மருதப்பன் விரலை வைத்தார்.

"ஏலே நியாசு, அந்தப் புள்ளி எறாலை மட்டும் வாங்கிராத."

மகன் குரல்.

"பாக்க அழகாத்தான் இருக்கும். ஆனா அதுக்கு நட்சத்திர மீனை விட்டா வேற தீனியே கெடையாது. மல்லாத்திப் போட்டு, நுனியில இருந்து கொஞ்சங் கொஞ்சமாத் திங்கும். உசுரோடயே..."

அடுப்படியில் பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது. பேச்சித்தாய் ஓடிவந்து முன்னறை நடுவில் நின்றாள். கையில் மாவு. தொட்டியை அவள் பார்க்கவே இல்லை, போனைத்தான் பார்த்தாள்.

"நத்தை, சங்கு நண்டு, வெள்ள மீச எறாலு, இதுக ஒண்ணுக்கொண்ணு சண்டை போடாது. அதுகளை விடு. பெறவு, நீ ட்ரிப்பர் போட்டுட்டியால? என் தொட்டியில லேசா ஷாக் அடிக்கி. அப்பாட்ட சொல்லிக்கிட்டே இருக்கேன்..."

மருதப்பன் அவசரமாக நிறுத்தப் பார்த்தார். விரல் எங்கெங்கோ பட்டது.

"விடுங்க" என்றாள் அவள்.

"...தெரிஞ்ச வயர்மேன் இருக்கான், ஞாயித்துக்கெழமை கூட்டிட்டு வாரேன், நீ கண்டவனையும் கூப்பிட்டு ஏமாறாதங்காரு. நாலு ஞாயிறு போயிட்டு. பாப்போம்."

குரல் நின்றது. தொட்டி மட்டும் களகளத்தது.

"இன்னொருக்கப் போடுங்க."

போட்டார். அவள் கடைசிவரை கேட்டாள்.

"நாலு ஞாயிறா?"

"மறந்துட்டேன் பேச்சி." உடனே தலையை ஆட்டினார். "இல்ல, மறக்கல. ஒரு வாரம் கல்யாண வீடு. ஒரு வாரம் சும்மா படுத்துத் தூங்கிட்டேன். என்ன அவசரம்னு நெனச்சேன்."

"எனக்குத் தெரியுமா? நான் அவனையில்லா வஞ்சேன்." அவள் சத்தம் போடவில்லை. "கவனமில்லாமக் கையை விட்டுட்டான், எங்களை இப்படி விட்டுட்டுப் போயிட்டான்னு தெனமும் அவன் போட்டோவைப் பாத்து வஞ்சேன். நீங்க பக்கத்துல உக்காந்து கேட்டுக்கிட்டுத்தான இருந்தீங்க?"

அது உண்மை. அவள் மகனை ஏசிய ஒவ்வொரு முறையும் அவருக்குள் ஒரு ஆறுதல் இருந்தது. அதை அவர் தன்னிடம்கூட ஒப்புக்கொண்டதில்லை.

மறுநாள் காலை முதல் பஸ்ஸில் பேச்சித்தாய் பனவடலிசத்திரத்துக்கு, அக்காள் முருகம்மாள் வீட்டுக்குப் போய்விட்டாள். பஸ் நிலையம்வரை அவரும் பின்னாலேயே நடந்தார். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு வந்து நியாஸைக் கூப்பிட்டார். "நான் மாரிசெல்வத்தோட அப்பா பேசுதேன்" என்று தொடங்கி, எதையும் மறைக்காமல் சொன்னார். ட்ரிப்பரைப் பற்றியும் சொன்னார். "இப்பவே வாரேன் மாமா" என்றான் நியாஸ்.

மத்தியானமே அவன் வாளிகளோடு ஒரு வேனில் வந்து இறங்கினான். மாரிசெல்வத்தின் வயதுதான் இருக்கும். மாலை போட்ட அவன் படத்தைப் பார்த்து நின்றவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

"எல்லாத்தையும் எடுத்துட்டுப் போயிருப்பா" என்றார் மருதப்பன்.

"நத்தை, நண்டு, மீசை எறாலு இதுக எங்க தொட்டியில சேந்துக்கிடும் மாமா. மீனு மட்டும் சேராது, அங்கன ஏற்கெனவே ஒரு ஜோடி கெடக்கு. வேற ஆளுக்குக் குடுத்துருதேன்." புள்ளி இறாலைத் தனி டப்பாவில் பிடித்தான். "இது அந்தக் கடைக்கே போவட்டும். யாரும் வச்சிக்கிட முடியாது."

முந்தின நாள் அமளியில் யாரும் பிரித்து வைக்காத நட்சத்திர மீனுக்கு, ஐந்தில் மூன்று கைகள்தான் மிச்சமிருந்தன. உடம்பு ஒரு பக்கம் கரைய ஆரம்பித்திருந்தது.

"இது பொழைக்குமா?"

நியாஸ் அவர் முகத்தைப் பார்க்காமல், "பொழைக்காது மாமா" என்றான். அதைத் தனியாக ஒரு சின்னக் கிண்ணத்தில் வைத்து எடுத்துப் போனான். நியாஸ் எல்லாவற்றையும் கொண்டுபோனதை மருதப்பன் அன்றே முருகம்மாளுக்குப் போனில் சொல்லிவைத்தார்.

பதினைந்து நாள் கழித்து மருதப்பன் பனவடலிசத்திரம் போனார். பேச்சித்தாய் வெளியே வந்து வாங்க என்று சொல்லவில்லை. போங்க என்றும் சொல்லவில்லை. இலை போட்டுச் சோறு வைத்தாள். அவர் சாப்பிடுவதைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தாள்.

"அந்த நியாசுப் புள்ள வீட்ல அதுக இருக்கா?"

"ரெண்டு நத்தை செத்துட்டாம். மிச்சம் இருக்கு."

அவள் தலையசைத்தாள். குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றினாள்.

"வீட்டுக்கு வாரியா?" என்று இலையைப் பார்த்தபடியே கேட்டார்.

"ரெண்டரைக்கு உங்களுக்கு ஒரு பஸ் இருக்கு" என்றாள் பேச்சித்தாய்.

அவர் கைகழுவி, துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, ரெண்டரை பஸ்ஸுக்குக் கிளம்பினார்.