காந்தா அமுக்கிய பொத்தான்

ஆறாம் கட்டிலின் மெஷின் அன்று காலை பதினோராவது முறையாகக் கத்தியபோது குணசுந்தரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பன்னிரண்டு கட்டில், பன்னிரண்டு மெஷின், இரண்டே நர்சுகள். ஒன்று விட்டால் ஒன்று கத்தும். வேலைக்கு வந்த புதிதில் ஒவ்வொரு சத்தத்துக்கும் ஓடினவள்தான். ஒன்பது வருடத்தில் காது தானாகவே கதவைச் சாத்திக்கொண்டது. அதற்காக அவளைத் திட்டிவிடாதீர்கள். கால் ஓய்ந்தால் காதும் ஓயும்தானே.

ஆறாம் கட்டிலில் தருமலிங்கம். பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பத்துக்காரர். நுரையீரலில் சளி கட்டி மூன்று நாளாக ஆக்சிஜன் ஓடுகிறது. நாற்பது வருடம் வலைக்கயிறு இழுத்த விரல்கள், காப்புக் காய்த்துக் கட்டையாகிவிட்டன. ஆக்சிஜன் அளவு பார்க்க விரலில் மாட்டும் கிளிப்புக்கு அந்தத் தோல் பிடிபடுவதில்லை. மூச்சு சீராக இருக்கும்போதே அளவு குறைகிறது என்று மெஷின் கூவும். குணசுந்தரியின் நைனாவுக்கும் இதே விரல்கள்தான்.

"இன்னா சிஸ்டர், எம் பொண்டாட்டிக்கு மேல கத்துது," என்று முகமூடிக்குள் சிரித்தார் அவர்.

"அதுக்காவது வாய மூட பட்டன் கீது. என்னிய அமுக்கிப் பாரேன்," என்றாள் கட்டிலருகே ஸ்டூலில் இருந்த அவர் மனைவி காந்தா.

அப்போதுதான் குணசுந்தரி அதைச் செய்தாள். "யக்கா, மாமா கை அப்படி. மெசினு சும்மா கத்தும். கத்துனா இத்த அமுக்கிடு, ரெண்டு நிமிசம் கம்முனு கெடக்கும்." காந்தாவின் விரலைப் பிடித்து அழுத்தியும் காட்டினாள். வார்டே நிம்மதியாகக் கண்ணயர்ந்தது.

பன்னிரண்டரை மணி இருக்கும். முதல் கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தவளுக்கு என்னவோ உறுத்தியது. ஒரு கூவல் தொடங்கும், நறுக்கென்று அடங்கும். கொஞ்ச நேரத்தில் மறுபடி. பொய்ச் சத்தம் நினைத்தபோது வரும், போகும். இது இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை, கடிகாரம் மாதிரி வந்துகொண்டிருந்தது.

ஊசியைத் தட்டில் போட்டுவிட்டு ஓடினாள்.

தருமலிங்கத்தின் உதடு நாவல்பழம் தின்றது போலிருந்தது. சிலிண்டரிலிருந்து கழன்ற குழாய் ஸ்டூலுக்கடியில் கிடந்தது. தொண்ணூறுக்குக் கீழே இறங்கக்கூடாத ஆக்சிஜன் அளவு மெஷினில் அறுபத்தொன்று.

"மேரி, டாக்டரக் கூப்புடு!" என்று இன்னொரு நர்சிடம் கத்திக்கொண்டே குழாயைச் செருகினாள்.

"நீ சொன்னாமாதிரியே கத்த வுடாம அமுக்கினே கீறேன் சிஸ்டர்," என்றாள் காந்தா. "மன்சன் அசந்து தூங்கறாருன்னு..."

டாக்டர் வந்தார். முகமூடியை அழுத்திப் பிடித்தபடியே கேட்டார்: "அலாரத்த யாரு நிறுத்துனது?"

"நான்தான் சார். தெரியாம..." காந்தா கையை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டாள்.

குணசுந்தரி பேசாமல் இருந்திருக்கலாம். அவள் சொல்லிக்கொடுத்ததற்கு எழுத்தில் சாட்சி எதுவும் இல்லை. வேலை போனால் வீட்டில் நைனாவின் மாத்திரைக்கு வேறு வழியுமில்லை.

"நான்தான் சார் காட்டிக் குடுத்தேன்."

டாக்டர் மெஷினின் எண்ணை நிமிர்ந்து பார்த்தார். அறுபத்தெட்டு. எழுபத்திரண்டு. மறுபடி எழுபது. மெஷின் தொண்டை கிழியக் கத்தியது.

"யாராச்சும் அத்த நிறுத்துங்களேம்மா," என்றார் பக்கத்துக் கட்டில்காரர்.

முந்தானைக்குள்ளிருந்து காந்தாவின் விரல் பழக்கத்தில் பொத்தானை நோக்கி நீண்டது. பாதி வழியில் குணசுந்தரி அதைப் பிடித்தாள், தன் உள்ளங்கைக்குள் பொத்தி வைத்துக்கொண்டாள். மெஷின் கத்திக்கொண்டே இருந்தது. இருவரும் எண்ணைப் பார்த்தபடி நின்றார்கள்.